நீலக்கோட்டுச் சன்னல்

பொங்கல் கழிந்த மறுவாரம் என் வீட்டில் வேலை ஆரம்பித்தது. ஐப்பசி பிறந்தும் முடியவில்லை. வெள்ளகோவிலில் எந்த உறவுக்காரனைப் பார்த்தாலும், "ஏம்ப்பா பாலுசாமி, ஊட்டு வேல முடிஞ்சுதா, இல்ல பேரன் கல்யாணத்துக்குத்தானா?" என்பான். நான் சிரித்துவைத்துவிட்டுப் போவேன். உள்ளே எரியும். இவர்கள் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆறே மாதத்தில் கட்டி முடித்து, ஏழாவது மாதம் சுவரில் விரிசலுக்குப் பட்டி பார்க்கிறவர்கள்.

முடிக்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கோயமுத்தூரில் பம்புசெட் வார்க்கும் ஒரு கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் இருந்தேன். வார்ப்புக்கு முன்னால் மரத்தில் அச்சு செய்யும் வேலை. காலையில் உள்ளே நுழைந்தால் பலகையில் அன்றைய எண்ணிக்கை எழுதியிருக்கும். கையிலிருக்கிற மரத்தை ஒரு நிமிஷம் தடவிப் பார்க்க நேரம் கிடையாது. வெள்ளகோவிலில் வீடு கட்டியதும் அந்த அவசரத்தில்தான். விடுப்புக்கு விடுப்பு ஓடிவந்து கட்டியது. நாலு மூலையும் நாலு விதமாக நிற்கும். ஓய்வு பெற்ற அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வீட்டை ஒவ்வொன்றாக, மெதுவாக, என் மனசுக்குப் பிடித்தமாதிரி சரிசெய்வேன், யாரும் பலகையில் எண்ணிக்கை எழுதமாட்டார்கள் என்று.

ஆள் இரண்டே பேர். கொத்தனார் கதிரேசன், சித்தாள் மெர்சி. "இன்னும் நாலு பேரக் கூட்டியாந்தா வெசயா முடிச்சுப்போடலாமுங்க" என்றான் கதிரேசன். வேண்டாம் என்றேன். காலை எட்டு மணிக்கு அவன் மொபெட் சத்தம் கேட்கும். அதற்கு முன்பே நான் குளித்துத் தயாராக வாசலில் நிற்பேன். மெர்சி மணல் சலிக்கும் சத்தம், தண்ணீர் விட்ட சுவரின் வாசனை, ரசமட்டத்துக்குள் அந்தச் சின்னக் குமிழி நடுவில் வந்து நிற்கும் நேரம், இதையெல்லாம் நான் அப்படி அனுபவித்தேன். ஒரு நாளைக்கு ஒரு காரியம். சமையல் மேடையை இரண்டு அங்குலம் உயர்த்த ஒரு வாரம். பின்வாசலை அடைத்துச் சாமான் அலமாரி ஆக்க மூன்று வாரம். முன்னறைத் தரையைத் தோண்டிப் போட்டுவிட்டு, புதுக் கல்லை இப்படி அடுக்கிப் பார்த்து, அப்படி அடுக்கிப் பார்த்து, மறுபடி எடுத்து வைத்து, அதிலேயே சித்திரை போய்விட்டது.

என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் ஒன்றும் சொல்லமாட்டாள். புழுதியில் சோறு ஆக்கினாள். தோண்டிய தரையில் பலகை போட்டு நடந்தாள். நான் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான்.

"ஆகட்டுங்க."

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. பெண் கேட்டு வந்தாலும், தோட்டத்தை விலைக்குக் கேட்டாலும், பிடிக்காவிட்டாலும் 'ஆகட்டுங்க' என்றுதான் அனுப்பிவைப்பார்கள். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சொன்னதை நான் எப்போதும் சரி என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

வைகாசிக் கடைசியில் அவளுக்கு முதுகில் வலி வந்தது. மேடையை உயர்த்தியதால்தானோ என்று நான் மேடையைப் பற்றியே கவலைப்பட்டேன், பாருங்கள். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெங்களூரில் வேலையிலிருக்கும் மகள் லோகப்பிரியாவும் வந்தாள். சோதனையெல்லாம் முடிந்து டாக்டர் என்னையும் மகளையும் மட்டும் உட்காரவைத்து, கர்ப்பப்பையில் ஆரம்பித்தது முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார். இனி மருந்து வலிக்குத்தான், மூன்று மாதமோ நாலு மாதமோ, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். வரும் வழியெல்லாம் லோகப்பிரியா அழுதுகொண்டு வந்தாள். எனக்குத் தெரிந்ததைத் தெய்வாத்தாளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முன்னறை தோண்டிக் கிடந்ததால் அவளைப் பின்னறையில் படுக்கவைத்தோம். பாத்ரூமும் அதோடு சேர்ந்தது. ஆனால் அந்த அறையில் மேலே ஒரு காற்றுத்துளை மட்டும்தான். பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியவேண்டும். தெய்வாத்தாள் ஆள் முகம் பார்க்காமல் இருக்கமுடியாதவள். இருபது வருஷம் வாசலில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தவள், தையலைவிடப் பேச்சுத்தான் அதிகம். கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் சின்னச் சந்து, இடுப்புயரக் காம்பவுண்டு, அதைத் தாண்டினால் ரோடு. எதிரே முத்தூர் பஸ் நிற்கிற இடம், ஒரு பேக்கரி. எந்நேரமும் பத்துப்பேர் நிற்பார்கள். நடுவில் ஒன்பது அங்குலச் சுவர்.

ஆனி முதல் வாரத்தில் ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஏனுங்க, இந்தச் செவுத்துல ஒரு சன்னல் வெச்சுக் குடுத்துருங்க. ஆளு போறது வாரது தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேறு கேட்டிருந்தால் எனக்கு ஞாபகமில்லை.

நான் அப்படியொரு உற்சாகத்தோடு எழுந்தேன். வீட்டிலேயே சிறந்த வேலையாக இதைச் செய்துவிடுவது என்று தீர்மானம். உடுமலைப்பேட்டையில் பழைய வீடுகளை இடித்த மரம் விற்கிற கிடங்கு ஒன்று உண்டு. மூன்று முறை போனேன். மூன்றாவது முறை நல்ல தேக்குச் சட்டம் ஒன்று கிடைத்தது. அதன்மேல் ஐந்தாறு அடுக்குப் பெயிண்ட். வீட்டுக்குக் கொண்டுவந்து, உரசி உரசி, ஒவ்வொரு நிறமாகக் கழற்றினேன். பச்சை, அதற்கடியில் சாக்லேட், அதற்கடியில் ஊதா. மரம் தெரிய ஆரம்பித்தபோது அவளிடம் ஓடிப்போய் ஒரு துண்டைக் காட்டினேன். தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னு இருக்குதுங்க. எப்ப வெப்பீங்க?"

"ஆடி பொறந்துருச்சு. ஆடியில நெல வெக்கக் கூடாது. ஆவணியில வெச்சரலாம்."

"ஆகட்டுங்க."

வெளியே வந்ததும் கதிரேசன் தலையைச் சொறிந்தான். "வாசல் நெலைக்குத்தானுங்க நாளு பாப்பாங்க. சன்னலுக்கு யாருங்க ஆடி, ஆவணி பாக்கறாங்க?"

"என்ற ஊட்டுக்கு நான் பாக்கறம்ப்பா" என்றேன். அவன் கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கூலிக்கு வருகிறவன் எவ்வளவு பேசமுடியும்?

லோகப்பிரியா போனில் கத்தினாள். "ஏனுங்கப்பா, ஒரு சன்னலுக்கு எத்தன மாசமுங்க? ரெடிமேடா வாங்குனா ரெண்டு நாள்ல மாட்டிட்டுப் போயிருவாங்க. அம்மாவுக்கு எத்தன நாளிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பிளாஸ்டிக் சன்னலா உங்கம்மாவுக்கு?" என்று நானும் கத்தினேன். வைத்துவிட்டாள்.

தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். இப்போது யோசித்தால் அதுதான் காரணமோ என்றும் படுகிறது. காலை எட்டு மணிக்கு மொபெட் வந்துகொண்டிருக்கிற வரைக்கும், மணல் சலிக்கிற வரைக்கும், நாளைக்கு என்று ஒரு வேலை பாக்கி இருக்கிற வரைக்கும், இந்த வீட்டுக்குள் வேறு எதுவும் வந்துவிடாது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தச் சன்னல் முடிந்துவிட்டால் அப்புறம் அவளுக்குச் செய்ய என்ன இருக்கிறது? ஆனால் இதை மட்டும் சொன்னால் நான் நல்லவனாகிவிடுவேன். உண்மை இன்னும் கொஞ்சம் கேவலமானது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பக்கத்து அறையில் அவள் முனகிக்கொண்டிருக்கும்போதுகூட, உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்துக்கொண்டு நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆவணி முதல் புதன்கிழமை கதிரேசன் சுவரில் அளவு போட்டான். நூலில் நீலப்பொடி தடவி, ஒரு முனையை மெர்சி பிடிக்க, சுண்டிவிட்டான். நாலு கோடு. நாலடிக்கு மூன்றரையடி நீலக் கட்டம், கட்டிலுக்கு நேராக. தெய்வாத்தாள் தலையணையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தாள். முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது.

"உடைச்சறலாங்களா?" என்று கதிரேசன் உளியை எடுத்தான்.

நான் ஒரு தடவை சட்டத்தை அளந்து பார்த்துவிடலாம் என்றேன். அளந்தேன். மூலைவிட்டம் இரண்டும் ஒத்துவரவில்லை, அரை அங்குலம் தப்பு. பழைய மரம், ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர் கம்பெனியில் அரை நூல் அளவு தப்பினாலே அச்சைத் தூக்கி எறிவார்கள்.

"சட்டத்தக் கழட்டி மறுபடி சேத்தோணும். அதுக்குள்ள செவுத்த ஒடச்சு வெச்சா மழத்தண்ணி வரும். இருக்கட்டும்" என்றேன்.

"ஒரு படுதாவக் கட்டிக்கலாமுங்க. மரம் அப்பறம் வரட்டும், அம்மாவுக்கு வெளிய தெரியுமில்லீங்க?" என்றாள் மெர்சி. அவள் அதுவரை என்னிடம் நேராகப் பேசியதே இல்லை.

"அரைகொற வேல எனக்குப் புடிக்காது."

"இல்லீன்னா கட்டில முன்னறையில..."

"முன்னால தரையே இல்ல. மண்ணு மேலயா போடறது?"

மெர்சி தலைகுனிந்துகொண்டாள். தெய்வாத்தாள் கட்டிலிலிருந்து, "இருக்கட்டும் அம்மணி. அவுரு செஞ்சா நல்லாத்தான் செய்வாரு. ஆகட்டுங்க" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டரை மாதம் அவள் அந்த நீலக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஆவணியில் சட்டத்தைக் கழற்றி மறுபடி சேர்த்தேன். சேர்த்ததும் அது பிடிக்காமல் கம்பியை மாற்றினேன். அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. புரட்டாசியும் ஆகாது. ஐப்பசியில் வளர்பிறையில் ஒரு புதன்கிழமை நல்ல நாள் இருப்பதாக நானே காலண்டர் பார்த்துக் குறித்தேன். அதற்கிடையில் மெர்சி ஒரு வழக்கம் பண்ணிக்கொண்டாள். டீ குடிக்கிற நேரத்தில் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போவாள். ஆரம்பத்தில் நிலைப்படியிலேயே நின்று பேசினாள், எங்கள் வீடுகளில் அவள் நின்று பழகிய இடம் அது. தெய்வாத்தாள்தான் அதட்டி உள்ளே வரச்சொல்லிக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

ஒரு நாள் மரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சு கேட்டது.

"இப்ப யாரு நிக்கறாங்க?"

"முத்தூர் பஸ்ஸு இப்பத்தான் போச்சுங்கம்மா. நூல் மில்லுப் புள்ளைங்க நாலு பேரு ஏறிப்போயிட்டாங்க. ஒரு கெழவர் மட்டும் பன்னு வாங்கித் தின்னுட்டு நிக்கறாரு."

"மஞ்சப் பையி வெச்சிருக்கறாரா?"

"ஆமாங்கம்மா."

"அவுரு நாட்ராயன் கோயல்காரரு. இந்நேரத்துக்கு வந்து நிப்பாரு."

எட்டிப் பார்த்தேன். தெய்வாத்தாள் மெர்சியைப் பார்க்கவில்லை. மெர்சி சொல்லச் சொல்ல, அவள் கண் அந்த நீலக் கோட்டுக்குள்ளேயே இருந்தது. அங்கே வெறும் வெள்ளைச் சுவர். திரும்பி வந்து எண்ணெய்த் துணியை எடுத்தேன். புதன்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றே போய் உடைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவது பூச்சு காயாமல் மாட்டினால் மரத்தில் தூசி ஒட்டும் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

அந்தப் புதனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, நான் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே தெய்வாத்தாள் போய்விட்டாள். விட்ட தண்ணீர் ஓரமாக வழிந்தது. வெளியே கதிரேசன் சிமெண்டு குழைக்கிற கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை யார் போய் நிறுத்தினார்கள் என்று தெரியாது.

என் அண்ணன் மகன் மோகன்குமார் பக்கத்து வீதி. அவன்தான் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டான். எங்களுக்கு மகன் இல்லை, கொள்ளி வைக்கவேண்டியவனும் அவன்தான். அரைமணி நேரத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. மோகன்குமார் செல்போனில் பஞ்சாங்கம் பார்த்தான். பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னான்.

"சித்தப்பா, அவிட்டமுங்க. அடைப்பு."

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில நட்சத்திரத்தில் உயிர் போனால் அதை அடைப்பு என்போம். அவிட்டத்துக்கு ஆறு மாதம். உயிர் போன அறையைப் பூட்டிவிடவேண்டும். ஆறு மாதமும் அங்கே விளக்கு மட்டும் வைப்பார்கள். வீட்டில் வேறு எந்த நல்ல காரியமும், கட்டட வேலையும் கூடாது. பிணத்தைத் தலைவாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. அந்தக் காலத்தில் சுவரை உடைத்து வெளியேற்றி உடனே அடைப்பார்கள். இப்போதெல்லாம் யாரும் சுவரை உடைப்பதில்லை, பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

"பின்வாசல் எங்கீங்க சித்தப்பா?" என்றான் மோகன்குமார்.

பின்வாசல் அலமாரியாகி, அதில் பருப்பு டப்பாவும் புளிப்பானையும் அடுக்கியிருந்தது. மூன்று வாரம் ரசித்து ரசித்துச் செய்த வேலை.

பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு, விஷப்பரீட்சை வேண்டாம், சுவரையே உடைத்துவிடலாம் என்றார்கள். மோகன்குமார் அறைக்குள் போனான். கட்டிலுக்கு நேரே நின்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"அடடே, மார்க் பண்ணியே வெச்சிருக்கீங்களே" என்றான்.

கதிரேசன் என் முகத்தைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் கட்டத்தின் அளவை எடுத்துக்கொண்டு, சுத்தியலும் உளியுமாக வெளிப்பக்கம் போனான். தெய்வாத்தாள் முகத்தின்மேல் தூசி விழாமல் மெர்சி ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டாள். முதல் அடி விழுந்தது. பத்தாவது அடியோ பன்னிரண்டாவதோ, ஒரு கல் உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு பட்டையாக வந்து கட்டிலில் விழுந்தது. அந்த ஒரு கல் ஓட்டையிலேயே பஸ் நிற்கிற இடம் தெரிந்தது. பேக்கரி போர்டு தெரிந்தது. மில்லுக்குப் போகிற ஒரு பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

மெர்சி அந்த ஓட்டையைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள். துணியைப் பிடித்தபடியே அழுதாள்.

"அம்மா சொன்னாங்க. போன மாசமே சொன்னாங்க. 'சன்னல் கெடக்கட்டும் மெர்சி, ஒரே ஒரு செங்கல்ல மட்டும் எடுத்துவிடச் சொல்லு'ன்னாங்க. நாந்தானுங்க உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன்."

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். நின்றேன். வேறென்ன செய்வேன்?

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நீலக் கோட்டுக்குள் இருந்த சுவர் முழுக்கப் போய்விட்டது. கோணல் இல்லாமல், நேராக, நாலடிக்கு மூன்றரையடி. அறை முழுக்க வெளிச்சம். இத்தனை வெளிச்சமான அறையா இது என்று இருந்தது. நாலு பேர் உள்ளிருந்து கொடுக்க, நாலு பேர் வெளியே வாங்கினார்கள். இடிக்கவில்லை, சுலபமாகப் போய்விட்டாள். உடம்பில் எடையே இல்லை.

ரோட்டோரம் பந்தல் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மஞ்சள்பைக் கிழவரும் வந்தார். யாரை அவள் பார்க்க ஆசைப்பட்டாளோ அவர்களெல்லாம் அவளைப் பார்த்தார்கள்.

"அடைப்பு அடைச்சறணும், கொள்ளி எடுக்கறதுக்குள்ள" என்று மோகன்குமார் வந்து சொல்லிவிட்டுப் போனான். மெர்சி சாந்து குழைத்தாள். நான் அந்தச் சந்தில் நின்றேன். லோகப்பிரியா பெங்களூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை, அதுவரை அங்கே நின்றுகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. உடைத்த கற்களிலேயே முழுக்கல்லாகப் பொறுக்கிக் கதிரேசன் கட்ட ஆரம்பித்தான். கை வேகமாக ஓடியது. அவன் இவ்வளவு வேகமாக வேலை செய்வான் என்று பத்து மாதத்தில் நான் பார்த்ததே இல்லை. நான் செய்ய விட்டிருந்தால்தானே.

ஒரு வரிசை, இரண்டு வரிசை, கட்டில் மறைந்தது. அவள் தலையணை மறைந்தது. பூச்சு காயட்டும் என்று உள்ளே எதிர்ச்சுவரில் சாய்த்துவைத்திருந்த தேக்குச் சட்டம் கொஞ்ச நேரம் தெரிந்தது, எண்ணெய் மினுமினுப்போடு. அதுவும் மறைந்தது. கதிரேசன் ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். பழக்கதோஷம், எனக்காக.

மேலே ஒரு கல் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. கல்லில் சாந்தைத் தடவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க, கடைசிக் கல்லு. வெச்சறட்டுங்களா?"

வேண்டாமப்பா, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு என்று வாய்வரைக்கும் வந்தது. உள்ளிருந்து பார்க்க இனி யார் இருக்கிறார்கள்? கதிரேசனை நான் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அந்தச் சொல் அப்படித்தான் வந்தது, அவள் சொன்ன மாதிரியே, அதே சத்தத்தில்.

"ஆகட்டுங்க" என்றேன்.

கதிரேசன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினான்.